தடுத்துச் சொல்லும் குரலும் தடையற்ற அரியணை வேட்கையும்: துன்பியல் நாடகங்களை முன்வைத்து ஒரு விவாதம்

பூதப்பாண்டி வாசகர் எழுதியது:

துன்பியல் நாடகங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், நாயகனின் அளவு மீறிய ஆசைதான் அவனை அழித்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மேக்பெத்துக்கும் அதே வரி, டாக்டர் ஃபாஸ்டசுக்கும் அதே வரி, துரியோதனனுக்கும் அதே வரி. ஆசை அளவு மீறியது உண்மைதான். ஆனால் அது எந்த இடத்தில், எதைத் தாண்டி மீறுகிறது என்று காட்சி காட்சியாகப் பார்த்தால் எல்லா நாடகங்களிலும் ஒரே செயல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன். இவர்களைத் தடுக்க ஆள் இல்லாமல் இல்லை. தடுக்கும் குரல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. சில வேளைகளில் அது நாயகனின் சொந்த நெஞ்சிலிருந்தே வருகிறது. ஆசை முதலில் ஒழித்துக்கட்டுவது அந்தக் குரலைத்தான். மற்ற அழிவுகளெல்லாம் அதற்குப் பின்னரே நிகழ்கின்றன.

மேக்பெத்தை எடுத்துக்கொள்வோம். 1606-ஐ ஒட்டி எழுதப்பட்டு, ஷேக்ஸ்பியர் மறைந்த பின் 1623-இல் முதன்முதலாக அச்சான நாடகம் அது. சூனியக்காரிகள் "நீ அரசனாவாய்" என்று சொன்ன மாத்திரத்தில் மேக்பெத் கத்தியைத் தூக்கிவிடவில்லை. விதி என்னை அரசனாக்குமானால் நான் அசையாமலேயே அது எனக்கு முடிசூட்டட்டும் என்றுதான் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அரசர் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்த பிறகே, இந்தப் படியில் ஒன்று தடுக்கி விழ வேண்டும், இல்லையேல் தாண்டிப் பாய வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அப்போதும் முடிவாகவில்லை. முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில், உள்ளே அரசருக்கு விருந்து நடந்துகொண்டிருக்கையில், அவன் தனியே வந்து நின்று காரணங்களை எண்ணுகிறான். டங்கன் தன் உறவினர்; தன் அரசர்; தன் வீட்டு விருந்தினர் என்பதால், கொலைகாரன் வந்தால் கதவடைக்க வேண்டிய தானே கத்தி எடுப்பது எப்படித் தகும்; அதற்கும் மேல், பழி சொல்ல இடமில்லாத நல்ல மன்னர். இத்தனைக்கும் எதிராகத் தன்னிடம் இருப்பது எகிறிப் பாயும் ஆசை ஒன்றுதான் என்றும், அது தன்னையே தாண்டிக் குதித்து மறுபக்கம் விழும் என்றும் அவனே சொல்கிறான். மனைவி வந்ததும், இந்த வேலையை இத்தோடு விட்டுவிடுவோம் என்கிறான்.

இதைவிடத் தெளிவாக எந்த அமைச்சரும் எடுத்துச் சொல்லியிருக்க முடியாது. அந்தக் குரல் தோற்ற பிறகு நாடகம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று கவனியுங்கள். டங்கனைக் கொல்லும் முன் ஒரு முழுக் காட்சி தயங்கியவன், நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆளனுப்பும்போது மனைவியிடம்கூடக் கலந்துகொள்வதில்லை. காரியம் முடியும்வரை நீ இதை அறியாமலே இரு என்று அவளை விலக்கிவிடுகிறான். நான்காம் அங்கத்தில், இனி என் நெஞ்சில் தோன்றும் முதல் எண்ணமே என் கையின் முதல் செயலாகட்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டு, தன்னை எதிர்க்கும் பிரபு மேக்டஃபின் மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டிப் போட ஆணையிடுகிறான். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே நின்று "வேண்டாம்" என்று சொன்ன அந்த இடைவெளியையே அவன் தன் கையால் மூடிவிட்டான். மேக்டஃபின் பிள்ளைகளால் அவன் அரியணைக்கு எந்த இடரும் இல்லை. ஆசையின் கணக்குப்படி பார்த்தால்கூடத் தேவையற்ற கொலை அது. என் வரையில் நாடகத்தின் மிகக் கொடிய இடம் டங்கனின் படுக்கையறை அன்று, இதுதான்.

நண்பர்கள் தாங்கள் அறிந்த நாடகங்களிலிருந்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செங்கோட்டை ஆசிரியை எழுதியது:

அண்ணாச்சி சொல்வதை வள்ளுவர் அரசியலுக்கான இலக்கணமாகவே வைத்திருக்கிறார். "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்" என்ற 448-ஆம் குறளை மேக்பெத்தின் மூன்றாம் அங்கத்துக்கு மேல் எழுதி வைக்கலாம். ஆனாலும் தங்கள் வாதத்தில் ஒன்று விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தடுக்கும் குரல் தானாக அடங்குவதில்லை. அதற்கு எதிராக இன்னொரு குரல் எழுந்து, அதை வெட்கப்படச் செய்து அடக்குகிறது. "விட்டுவிடுவோம்" என்று சொன்ன மேக்பெத்திடம் அவன் மனைவி அரியணையின் பெருமையைப் பேசவில்லை. செய்யத் துணிந்தபோதுதான் நீ ஆண்மகனாக இருந்தாய் என்கிறாள். அறத்தைப் பற்றி அவன் எழுப்பிய கேள்வியை அவள் வீரத்தைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடுகிறாள். அவனோ போர்க்களத்தில் பேர் எடுத்த வீரன். இந்த ஒரு குத்தலைத்தான் அவனால் தாங்க முடியாது.

இதே குத்தல் ஷேக்ஸ்பியருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேடை ஏறிவிட்டது. கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலசின் 'பாரசீகர்கள்' நாடகம், கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீக மன்னன் செர்க்சஸ் அடைந்த தோல்வியைப் பாரசீக அரண்மனையிலிருந்து பார்க்கிறது. வென்றவர்கள் தங்கள் மேடையில், தோற்றவர்களின் அழுகையைக் காட்டினார்கள் என்பதே எனக்குப் பெரிய வியப்பு. அதில் இறந்துபோன மன்னர் டரையஸ் ஆவியாக எழுந்து வந்து, ஹெலஸ்பாண்ட் கடற்காலை அடிமைக்கு விலங்கிடுவதைப் போலப் பாலம் கட்டித் தளையிட்ட தன் மகனின் துணிவை மனநோய் என்கிறார். அப்போது அரசி ஒரு தாயாக விளக்கம் சொல்கிறாள். உங்கள் தந்தை ஈட்டியால் செல்வம் சேர்த்தார், நீரோ வீட்டுக்குள்ளேயே ஈட்டி சுழற்றுகிறீர் என்று தீயவர்கள் ஓயாமல் இடித்துக் காட்டியதால்தான் அவன் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தான் என்கிறாள். தந்தையோடு ஒப்பிட்டு மகனைக் கிளப்பிவிடும் கூட்டம் எந்த நாட்டில்தான் இல்லை?

ஆகவே, வேட்கை தனி ஒருவனின் நெஞ்சில் மட்டும் விளைவதன்று. அதற்கு நீர் பாய்ச்சுவோரையும் இந்த நாடகங்கள் நமக்குக் காட்டுகின்றன.

கொழிஞ்சாம்பாறை மாணவர் எழுதியது:

ஐயா அவர்களுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம். இருவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு ஐயங்கள் உள்ளன.

முதலாவது, துன்பியல் என்றாலே அளவு மீறிய ஆசை என்று கொள்வது சரியா? சோஃபக்ளிசின் ஈடிபசுக்கு அரியணை ஆசை கிடையாது. தீப்ஸ் நகர மக்கள் அவனைத் தாமாகவே அரசனாக்கினார்கள். நகரைப் பீடித்த கொள்ளைநோயின் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்ற கடமையுணர்வே அவனை அழிக்கிறது. நாயகன் கயமையால் வீழாமல் ஒரு பிழையால் வீழ வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்வதும் ஈடிபசுக்குத்தான் பொருந்துகிறது. மேக்பெத்தோ அறிந்தே கொலை செய்கிறான்.

இரண்டாவது ஐயம் எனக்கு முக்கியமானது. பாலக்காட்டு எல்லையில் தமிழ் படிக்கும் எங்களைப் போன்றோரை வீட்டிலும் வகுப்பிலும் "இருக்கும் இடத்திலேயே இருந்துவிடாதே, மேலே போ" என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். அந்த உந்துதல் இல்லாமல் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிப் படி ஏறியிருக்க மாட்டார்கள். இந்த நாடகங்களைக் காட்டி, ஆசைப்படாதே, அடங்கி இரு என்று ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வோரும் இருக்கிறார்கள். அரசகுலத்தாரின் கதையைக் கொண்டு எளியவரின் வேட்கையை அடக்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

பூதப்பாண்டி வாசகர் எழுதியது:

தம்பி, இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுவே கனமானது என்பதால். மேக்பெத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. பாங்க்வோவும் அதே நாளில், அதே காட்டுவெளியில், அதே மூவரின் வாக்கைக் கேட்டவன். உன் வழித்தோன்றல்கள் அரசாள்வார்கள் என்று அவனுக்கும் சொல்லப்பட்டது. அவனுக்கு ஆசை இல்லையென்று ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. இரவில் தூக்கம் வராமல், ஓய்வு நேரத்தில் என் மனம் இடம் கொடுக்கும் அந்தக் கெட்ட எண்ணங்களைத் தடுத்தருளுங்கள் என்று விண்ணாற்றல்களிடம் வேண்டுகிறான். இருள் ஆற்றல்கள் சிறு உண்மைகளைச் சொல்லி நம்பவைத்துப் பெரிய காரியத்தில் கழுத்தறுக்கும் என்று நண்பனையும் எச்சரிக்கிறான். ஆசையோடு, அதைத் தடுக்கும் குரலையும் அவன் உயிரோடு வைத்திருக்கிறான். இருவருக்கும் ஆசை உண்டு. ஒருவன் கொலைகாரனாகிறான், மற்றவன் ஆகவில்லை. எனவே மேலே போக விரும்பும் பிள்ளையை நோக்கி இந்த நாடகம் விரல் நீட்டவில்லை. அப்படி நீட்டுவோர் நாடகத்தைச் சரியாகப் படிக்காதவர்கள் என்றே அழுத்திச் சொல்வேன்.

ஈடிபசைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அவனை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அவன் மகன் எட்டியோக்ளிசைச் சேர்த்தே ஆக வேண்டும். யூரிப்பிடிசின் 'ஃபினீசியப் பெண்கள்' நாடகத்தில், அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கொருவராக அரசாள்வதென்று செய்துகொண்ட உடன்பாட்டை எட்டியோக்ளிஸ் மீறுகிறான். தாய் யோகாஸ்டா இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பேசவைக்கிறாள். ஆட்சி என்னும் பெருந்தெய்வத்தைக் கைக்கொள்ள விண்மீன்கள் உதிக்கும் இடத்துக்கும் போவேன், மண்ணுக்கு அடியிலும் போவேன் என்று எட்டியோக்ளிஸ் கூசாமல் சொல்கிறான். அநியாயம் செய்தே தீர வேண்டுமானால் அதை ஆட்சிக்காகச் செய்வதே சிறந்தது என்பதும் அவன் வாக்கு. அந்த வரிகளை ஜூலியஸ் சீசர் எப்போதும் வாயில் வைத்திருந்ததாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். மேடைச் சொல் ஒன்று மெய்யான ஆட்சிவேட்கையாளனுக்கு மந்திரமாகிப்போனது என்பதை எண்ணினால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

யோகாஸ்டாவின் மறுமொழி அதைவிட முக்கியமானது. புகழ்வேட்கை தெய்வங்களிலெல்லாம் கொடியது, அவளை ஏன் தொழுகிறாய் மகனே, சமநிலையைப் போற்று என்கிறாள். இரவும் பகலும்கூட ஆண்டைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று பொறாமைப்படாமல் நடக்கின்றன என்று எடுத்துக்காட்டுகிறாள். மகன் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவர் கையால் ஒருவர் மாய, அவள் அங்கேயே வாளால் தன்னைக் குத்திக்கொண்டு அவர்கள் மேல் விழுந்து சாகிறாள். தடுத்த குரலுக்கு நேர்ந்த முடிவு அது.

ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் ஃபாஸ்டஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறான். 24 ஆண்டுகளுக்காக ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுத்தவன் அவன். நாடகத்தின் கடைப்பகுதியில் ஒரு முதியவர் வந்து, இன்னும் காலம் இருக்கிறது, மனம் திரும்பு என்று கெஞ்சுகிறார். ஃபாஸ்டஸ் சற்று நேரம் கலங்கிவிட்டு, அந்தக் கிழவரை வதைக்கும்படி, தனக்கு ஏவல் செய்யும் பேய் மெஃபிஸ்டோஃபிலிசிடமே கேட்கிறான். இத்தனை பெரிய விலைக்கு அவன் பெற்றது என்ன? பேரரசர்களையும் மிஞ்சும் ஆற்றல் வேண்டும் என்று தொடங்கியவன், சனவரி மாதத்தில் கருவுற்ற ஒரு கோமகளுக்குத் திராட்சைப் பழம் வரவழைத்துக் கொடுப்பதிலும், போப்பாண்டவரின் உணவுத் தட்டைப் பறிப்பதிலும் ஆண்டுகளைக் கழிக்கிறான்.

நகரி கூத்து ரசிகர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் அச்சில் வந்த நாடகங்களைப் பேசுகிறீர்கள். எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் இன்றும் திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில் இதே துன்பியலைத் திறந்தவெளியில் ஆடுகிறார்கள். பகலில் பாரதம் சொல்வது, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் விழா இது.

படுகளத்தை அருகில் நின்று பாராதவர்களுக்காக எழுதுகிறேன். களிமண்ணும் மணலும் குழைத்து, வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கும் கோலத்தில் துரியோதனனின் பேருருவை அமைத்திருப்பார்கள். தலையிலிருந்து கால்வரை சுற்றி வர நேரம் பிடிக்கும். முகத்துக்கு வண்ணம் தீட்டி, மீசை முறுக்கி, கண்களைத் திறந்தபடியே வைத்திருப்பார்கள். தொடையில் சிவப்பு நீர் நிரம்பிய கலயத்தைப் புதைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த உருவத்தைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் வசனம் பேசிப் பொருதுவார்கள். பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கியதும் சிவப்பு நீர் மண்ணில் ஓடும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிப்பாள். கூட்டம் ஆரவாரிக்கும். ஆனால் அதே கூட்டத்தில் வயதான பெண்கள் துரியோதனனுக்காக ஒப்பாரி வைத்து அழுவார்கள். வில்லன் செத்தான் என்று மகிழ்ந்துவிட்டுப் போவதற்கான ஆட்டம் இல்லை இது.

ஐயா சொல்லும் தடுக்கும் குரலுக்கு வருகிறேன். எங்கள் கூத்தில் அந்தக் குரலுக்குக் குறைவே இல்லை. ஐந்து ஊராவது கொடு என்று கண்ணன் தூது வந்து கேட்கிறான். ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்ற பதில் வருகிறது. விதுரன் சொல்கிறான், பிறப்பைச் சொல்லி அவனை இழித்துப் பேசுகிறான் துரியோதனன். உடனே விதுரன், உனக்காக எடுக்க வேண்டிய வில் இது என்று தன் வில்லையே சபையில் முறித்துப் போட்டுவிடுகிறான். வில்லிபுத்தூராரின் பாரதத்தில் வரும் இந்தக் கட்டத்தை எங்கள் ஊர்ப் பாரதப் பிரசங்கி சொல்லும்போது கூட்டம் மூச்சுக்காட்டாமல் இருக்கும். தடுத்துச் சொன்னவன் வெளியேறியதோடு நிற்கவில்லை, போரில் துரியோதனனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு வில்லும் அவனோடு போயிற்று. மேக்பெத் பாங்க்வோவை ஆள் வைத்து அகற்றினான். இங்கே ஒரு சொல்லே அந்த வேலையைச் செய்துவிட்டது. பதினெட்டாம் நாள் போருக்குள் தம்பிமாரும் நண்பன் கர்ணனும் மாண்ட பிறகு, மனைவி பெருந்திருவாளின் அழுகையைத் தவிர அவன் காதில் விழ வேறு குரல் மிச்சமில்லை.

செங்கோட்டை ஆசிரியை எழுதியது:

நகரி நண்பரின் பதிவுக்கு மிக்க நன்றி. நம் எல்லை மண்ணைப் பற்றிய தமிழ் நாடகம் ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆலப்புழையில் 1855-இல் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகம், ஆங்கில எழுத்தாளர் லிட்டனின் கதை ஒன்றைத் தழுவியது. அதைத் தமிழ்த்தாய் வாழ்த்துக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்; அதற்குள் நாஞ்சில் நாட்டு உரிமையை முன்னிட்டுப் பாண்டியனுக்கும் சேரனுக்கும் மூளும் போர் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அந்தப் போரை மூட்டுபவன் அமைச்சன் குடிலன். மன்னன் சீவகனை மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குக் குடிபெயரவைத்ததும், மகன் பலதேவனைச் சேரனிடம் தூதாக அனுப்பிக் காரியத்தைக் கெடுத்ததும், கடைசியில் சுரங்கவழியாகப் பகைவனின் பாசறைக்கே போய் மன்னனைக் காட்டிக்கொடுக்கத் துணிந்ததும் அவன் செயல்கள். நல்லது சொல்ல நாராயணன் இருக்கிறான், குலகுரு சுந்தர முனிவர் இருக்கிறார். சீவகன் குடிலனைத்தான் நம்புகிறான்.

என் கேள்வி இது. குடிலனின் வேட்கை மேக்பெத்தின் வேட்கைக்குக் குறைந்ததன்று. அப்படியிருந்தும் அவன் விழும்போது ஏன் நமக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வருவதில்லை?

கொழிஞ்சாம்பாறை மாணவர் எழுதியது:

ஐயா சொன்ன அளவுகோலைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். குடிலனின் நெஞ்சுக்குள் தடுக்கும் குரல் எழுவதே இல்லை. அவன் தனிமொழிகளில் திட்டம் உண்டு, தயக்கம் கிடையாது. மேக்பெத் தன்னிடம் இல்லாமற்போனவற்றை எண்ணிப் பார்க்கிறான்; முதுமைக்குத் துணையாக வரவேண்டிய மதிப்பும் அன்பும் நண்பர் கூட்டமும் இனி எனக்கில்லை என்று ஐந்தாம் அங்கத்தில் அவனே சொல்கிறான். இழந்ததன் விலை தெரிந்தவனுக்காகத்தான் நாம் வருந்துகிறோம். மேலும், சீவகனின் மகள் மனோன்மணி சேரன் புருடோத்தமனுக்கு மாலையிடுவதோடு நாடகம் மங்கலமாக முடிகிறது. குடிலன் அதில் அகற்றப்பட வேண்டிய தடையாக மட்டுமே நிற்கிறான்.

பூதப்பாண்டி வாசகர் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. நகரி நண்பர் குறிப்பிட்ட ஒப்பாரிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதைத் தொட்டு இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தொலைவில், பத்மநாபபுரத்துக்கு அருகே, மணலிக்கரை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மடத்தில் கிடைத்த மலையாள எழுத்து ஓலைச்சுவடிக் கட்டிலிருந்துதான், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாசருடையவை என்று கருதப்படும் வடமொழி நாடகங்களை டி. கணபதி சாஸ்திரி கண்டெடுத்து, 1912 முதல் திருவனந்தபுரம் வரிசையில் பதிப்பித்தார். 'ஊருபங்கம்' அவற்றில் ஒன்று. நாயகன் மேடையிலேயே இறக்கும் வடமொழி நாடகம் மிக அரிது, இது அத்தகையது. தொடை முறிந்து தரையில் கிடக்கும் துரியோதனனைத் தேடிக் கண்ணில்லாத தந்தையும், கண்ணைக் கட்டிக்கொண்ட தாயும், சிறுவன் துர்ஜயனும் போர்க்களத்துக்கு வருகிறார்கள். பிள்ளை ஓடிவந்து வழக்கம்போல அப்பாவின் மடியில் ஏறப் பார்க்கிறான். வேண்டாம் என்று தடுக்க வேண்டியிருக்கிறது, மடி இல்லை. ஊசிமுனை நிலம் தர மறுத்தவனுக்குத் தன் மகனுக்குக் கொடுக்க அந்த அளவு இடம்கூட உடம்பில் மிஞ்சவில்லை.

அதன் பிறகு அவன் மகனிடம் சொல்வது, பாண்டவர்களை என்னைப் போலவே எண்ணிப் பணிந்து நட, குந்தி சொல்வதைக் கேள், அபிமன்யுவின் தாயையும் திரௌபதியையும் உன் தாயாகவே மதி என்பதுதான். வாழ்நாள் முழுவதும் பிறர் சொல்லக் கேட்டுத் தள்ளிய சொற்களை இப்போது அவனே சொல்கிறான்.

நகரி கூத்து ரசிகர் எழுதியது:

ஐயா, அந்த நாடகத்தில் அதற்கு அடுத்து அசுவத்தாமன் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டவர்களை இரவில் அழிப்பேன் என்று அவன் வில்லோடு வந்து நிற்கிறான். துரியோதனன் போதும் என்கிறான். எல்லோரும் மாண்டுவிட்டார்கள், நானும் இந்த நிலையில் கிடக்கிறேன், வில்லைக் கீழே போடு என்று தடுக்கிறான். அசுவத்தாமன் கேட்பதில்லை. பீமன் உன் தொடையோடு உன் மானத்தையும் முறித்துவிட்டானா என்று கேட்கிறான். செங்கோட்டை ஆசிரியை மேலே எழுதிய அதே குத்தல்தான் இது; மேக்பெத்தின் மனைவி கேட்டதும், செர்க்சசின் கூட்டாளிகள் கேட்டதும் இதுவே. இம்முறை அது துரியோதனனை அசைக்கவில்லை. ஆனால் அசுவத்தாமனை நிறுத்தவும் அவனால் முடியவில்லை. சாகக் கிடப்பவனின் எதிரிலேயே சிறுவன் துர்ஜயனுக்கு வாயால் அரசுரிமை சூட்டிவிட்டு, உறங்குவோரைக் கொல்ல அவன் புறப்பட்டுப் போகிறான். ஆகவே துரியோதனன் மனம் மாறியதால் வேட்கை முடிந்துவிட்டது என்று நான் கொள்ளமாட்டேன். அது கை மாறி, அதைக் கேட்கவே கேட்காத ஒரு பிள்ளையின் தலையில் ஏறிவிட்டது.